விதிக்கும் கொலைக்கும் நடுவே

என் அக்காவின் வயிற்றில் நான்கு சிறிய தழும்புகளும் ஒரு நீண்ட தழும்பும் இருக்கின்றன. சிறியவை நான்கும், 2013ஆம் ஆண்டு எங்கள் பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பைக் கல்லுக்காகச் செய்த லேப்ராஸ்கோப்பி அறுவையின் தழும்புகள். நீண்டது, அதற்கு ஐந்தாம் நாள் வேறொரு நகரத்தில் அவள் உயிரைக் காப்பதற்காகச் செய்த அறுவையின் தழும்பு. இடைப்பட்ட நாள்களில் வயிறு வலிக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள், வாயு என்றார்கள். காய்ச்சல் வந்தது, அறுவைக்குப் பின் வருவதுதான் என்றார்கள். வயிறு உப்பியது, எழுந்து நடந்தால் சரியாகும் என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் கண்கள் மஞ்சளாகியிருந்தன. பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்து பரவியிருப்பதை இரண்டாவது மருத்துவமனையின் ஸ்கேன்தான் காட்டியது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆறு மாதம் படுக்கை. அவளுடைய தையல் எந்திரம் அதன்பின் ஓராண்டு உறையிட்டபடியே கிடந்தது. அத்தான் நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். உறவினர்கள் வந்து பார்த்தார்கள். தத்தம் தீர்ப்பைச் சொன்னார்கள். "எல்லாம் அவ தலையெழுத்து. உசிராவது மிஞ்சுச்சே" என்றார் பெரியம்மா. "அன்னைக்கே அந்த ஆஸ்பத்திரிய அடிச்சு நொறுக்கியிருக்கணும். கொலகாரப் பசங்க" என்றார் அத்தானின் தம்பி. நான் இருவருக்கும் தலையாட்டினேன். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் நான். சொற்களுக்கிடையேயுள்ள நுண்ணிய வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குவதே என் பிழைப்பு. ஆயினும், விதி என்ற சொல்லுக்கும் கொலை என்ற சொல்லுக்கும் நடுவே எங்கள் குடும்பத்தில் வேறொரு சொல் இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் மட்டுமன்று. மருத்துவமனையில் ஒரு தீங்கு நேர்ந்தால் நம் சமூகம் அறிந்த வழிகள் பெரும்பாலும் இவை இரண்டே. கைகூப்பிச் சடலத்தை வாங்கிக்கொண்டு போவது ஒன்று. கண்ணாடியை உடைப்பது மற்றொன்று. 2024 நவம்பரில் சென்னை கிண்டியிலுள்ள அரசு மருத்துவமனையில், தன் தாய்க்கு உரிய சிகிச்சை அளிக்கப்படவில்லை என்று கருதிய இளைஞர் ஒருவர், புற்றுநோய் மருத்துவர் ஒருவரைப் பணியிடத்திலேயே கத்தியால் குத்தினார். மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தும் இத்தகைய செயல்கள் நின்றபாடில்லை. கேள்வி கேட்பதற்கு முறையான வழியொன்று உண்டு என்பதையே அறியாத மனிதனுக்கு மௌனமும் கத்தியுமே மொழியாக எஞ்சுகின்றன. நடுவே ஓர் இடம் இருக்கிறது. நம் நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாக அதை வரையறுத்து வந்திருக்கின்றன. அதைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றை, காலங்கடந்து அறிந்துகொண்டவன் என்ற குற்றவுணர்வோடு, இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல். நம் நாளேடுகள் இவ்வகை நிகழ்வுகளுக்கு வழங்கும் சொல் 'அலட்சியம்'. அது மனநிலையைக் குறிக்கும் சொல். பொருட்படுத்தாமை என்பது அதன் பொருள். மருத்துவர் பொருட்படுத்தினாரா இல்லையா என்று அறிய அவர் நெஞ்சைத் திறந்து பார்க்க வேண்டும். சட்டத்துக்கு அந்த வேலை இல்லை. அது வழங்கும் சொல் 'கவனக்குறைவு'. அன்பே உருவான மருத்துவரும் கவனக்குறைவுக்கு ஆளாகலாம். எரிந்து விழும் மருத்துவர் தம் பணியில் அப்பழுக்கின்றி இருக்கலாம். சட்டம் நான்கு கேள்விகளைக் கேட்கிறது. இந்த நோயாளியைக் கவனிக்கும் கடமை அவருக்கு இருந்ததா? அக்கடமையில் அவர் தவறினாரா? நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததா? அந்தத் தீங்கு அந்தத் தவறினால்தான் நேர்ந்ததா? நான்குக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் மட்டுமே இழப்பீடு.

இரண்டாம் கேள்விக்கான அளவுகோல் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1957இல் தீர்ப்பான போலம் வழக்கு அது. மின்அதிர்ச்சிச் சிகிச்சையின்போது எலும்பு முறிந்த ஒரு மனநோயாளி தொடுத்த வழக்கு, அவர் தோற்றார். அத்துறையில் தேர்ந்த, பொறுப்புள்ள மருத்துவர் குழு ஏற்றுக்கொள்ளும் முறைப்படி ஒருவர் நடந்திருந்தால், வேறு மருத்துவர்கள் வேறு முறையை விரும்புவார்கள் என்பதற்காக அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்லலாகாது என்பது அதன் சாரம். நம் உச்ச நீதிமன்றமும் இந்த அளவுகோலையே பெரிதும் கைக்கொள்கிறது. மருத்துவர் எல்லோரிலும் சிறந்தவராக இருக்க வேண்டியதில்லை. சராசரித் திறனும் சராசரி விழிப்பும் போதும். குணமாகாமல் போவது குற்றமன்று.

இந்த வேறுபாட்டை விளக்க இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டிலும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பின் பெண் கருவுற்றாள். ஹரியானாவைச் சேர்ந்த ஒரு கூலித்தொழிலாளி, ஏழு குழந்தைகளுக்குத் தாய். அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட பிறகும் குழந்தை பிறந்தது. வலப்பக்கக் கருக்குழாயை மட்டும் கட்டிவிட்டு இடப்பக்கத்தைத் தொடாமலே விட்டிருந்தார்கள் என்பது பின்னர் தெரிந்தது. 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அரசைப் பொறுப்பாளியாக்கியது. 2005இல் பஞ்சாபிலிருந்து வந்த வழக்கிலோ அதே நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. சரியாகச் செய்த அறுவையிலும் கருக்குழாய் இயற்கையாகவே மீண்டும் இணைந்துவிடுவதுண்டு. ஆகவே கருவுற்றது மட்டுமே தவற்றுக்குச் சான்றாகாது என்றது. விளைவு ஒன்று, தீர்ப்பு இரண்டு. விளைவைக் கண்டு சினப்பவர்களும் விளைவைக் கண்டு விதியை நோவோரும் தவறவிடுவது இந்த இடைவெளியைத்தான்.

மருத்துவப் பிழைகள் பலவாயினும், வழக்குமன்றங்களுக்கு மீண்டும் மீண்டும் வருபவை சில வகைகளே.

முதல்வகை, சான்றே தேவைப்படாத பிழை. அன்றைய அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963 ஜூலையில் ஒரு பெண் குழந்தை பெற்றாள். சில நாள்களில் கருத்தடை அறுவையும் நடந்தது. வலியும் காய்ச்சலும் தொடர்ந்தன. மீண்டும் வயிற்றைத் திறந்தபோது உள்ளே ஒரு துணி கிடந்தது. அந்த மாதமே அவள் இறந்தாள். இத்தகைய வழக்கில் நிபுணர் வந்து விளக்க வேண்டுவதில்லை; நிகழ்வே பேசும் என்பது சட்ட வழக்கு. கீழமை நீதிமன்றம் வழங்கிய 36,000 ரூபாயை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் அதை மீட்டளித்த ஆண்டு 1996. தானே பேசிய நிகழ்வுக்குச் செவிசாய்க்க நமக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் பத்தொன்பது அம்சங்கள் கொண்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கருவிகளும் துணிகளும் எண்ணப்பட்டனவா என்று நோயாளி அறையை விட்டு வெளியேறுமுன் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பள்ளி ஆசிரியர் சுற்றுலாவில் பிள்ளைகளை எண்ணுவது போன்ற எளிய செயல். உயிர் காக்கும் செயல்.

இரண்டாம் வகை, மருந்தில் நேரும் பிழை. டைபாய்டு காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு மருத்துவர் எழுதியது குளோராம்பெனிகால். செவிலியர் வாங்கிவரச் செய்து ஊசியாக ஏற்றியது குளோரோகுயின். சிறுவனின் இதயம் நின்றது; மீண்டபோது மூளை சிதைந்திருந்தது. 1998இல் உச்ச நீதிமன்றம், சிறுவனுக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்குத் தனியே 5 லட்சமும் வழங்கிய தேசிய ஆணையத்தின் தீர்ப்பை உறுதிசெய்தது. வாழ்நாள் முழுதும் அப்பிள்ளையைச் சுமக்கப் போகும் பெற்றோரின் துயரமும் கணக்கில் வரும் என்று சொன்ன தீர்ப்பு அது.

மூன்றாம் வகை, நோயறிதலில் பிழை அல்லது தாமதம். ஹைதராபாத்தில் மலேரியாவால் துன்புற்ற ஒரு பெண்ணுக்கு டைபாய்டு மருந்து கொடுக்கப்பட்டது, அவர் இறந்தார். 2010இல் அவ்வழக்கைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், தவறு கண்கூடாகத் தெரியும் வழக்குகளில் நிபுணர் சான்று கட்டாயமில்லை என்றது. ஒரு மருத்துவருக்கு எதிராகச் சான்று சொல்ல மற்றொரு மருத்துவரைத் தேடி அலைந்தவர்களுக்கே இத்தீர்ப்பின் அருமை தெரியும்.

நான்காம் வகைதான் என்னை மிகவும் உலுக்கியது. இங்கே யாரும் தவறாக எதையும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் இருபத்தொன்பது வாரத்திலேயே பிறந்தது ஒரு பெண்குழந்தை. எடை 1,250 கிராம். இவ்வாறு குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் இரத்த நாளங்கள் நெறிகெட்டு வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். பிறந்த சில வாரங்களில் கண்ணைச் சோதித்தால் கண்டுபிடிக்கலாம், தடுக்கலாம். சோதனை செய்யப்படவில்லை, செய்ய வேண்டுமென்று பெற்றோரிடம் சொல்லப்படவுமில்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. அப்போது அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மொழியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சொல்லப்படாத ஒரு வாக்கியத்தின் விலை இவ்வளவு என்பதை விளக்க அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் வகை, சம்மதமின்மை. சோதனைக்காக மட்டும் லேப்ராஸ்கோப்பி செய்ய ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வெளியே காத்திருந்த தாயிடம் அனுமதி கேட்டார்களாம். நாற்பத்து நான்கு வயது நிரம்பிய, தன்னறிவுள்ள ஒருவரின் உடல் குறித்து அவர் கண்விழித்தபின் அவரிடமே கேட்டிருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் அவருடைய சம்மதமாகாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்த அறுவை மருத்துவ நோக்கில் நல்லதாகவே இருந்தாலும் இது பொருந்தும். என்ன செய்யப் போகிறோம், ஏன், என்ன இடர்கள், மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே சம்மதம்.

ஆறாம் வகை, சிகிச்சையையே மறுப்பது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பியனுப்பின. அவசர சிகிச்சை மறுக்கப்படுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் வழங்கச் செய்தது. விபத்தில் சிக்கியவரைக் காவல்துறை நடைமுறைகளைக் காரணம் காட்டிக் காக்கவைக்கலாகாது என்று 1989லேயே அது சொல்லியிருந்தது.

சம்மதம் பற்றி எழுதும்போது என் கையும் கூசுகிறது. அக்காவின் அறுவைக்கு முதல்நாள் இரவு, படிவத்தில் 'உறவினர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டவன் நான். அத்தான் ஊரில் இருந்தார். ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சிட்ட இரண்டு பக்கம். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு சார்" என்று பெருக்கல் குறியிட்ட இடங்களைச் செவிலியர் காட்டினார். நான் போட்டேன். மாணவன் எழுதும் கட்டுரையில் ஒற்றெழுத்து மிகுந்தால் சிவப்பு மையால் சுழிப்பவன், என் உடன்பிறந்தாளின் உடலைப் பற்றிய தாளை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பித்தநீர்க் கசிவு என்பது இவ்வகை அறுவையில் அறியப்பட்ட இடர்களுள் ஒன்று. அத்தாளில் அது இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது. அக்காவும் கையெழுத்திட்டாள், நான் படித்துவிட்டேன் என்று எண்ணி.

இங்கே அந்த நான்கு கேள்விகளை எங்கள் வழக்கில் பொருத்திப் பார்க்கிறேன். கசிவு ஏற்பட்டது மட்டுமே கவனக்குறைவாகாது. தேர்ந்த கைகளிலும் அது நேரும். கேள்வி, அடுத்த நான்கு நாள்களைப் பற்றியது. காய்ச்சலும் உப்புசமும் தொடரும்போது, பொறுப்புள்ள ஓர் அறுவை மருத்துவர் ஒரு ஸ்கேன் எடுத்திருப்பாரா? இரண்டாம் நாளே எடுத்திருந்தால் பெரிய அறுவை தவிர்ந்திருக்குமா? இக்கேள்விகளுக்கு என்னிடம் விடையில்லை. இனிக் கிடைக்கவும் கிடைக்காது.

ஏன் கிடைக்காது என்பதற்கு வருகிறேன். பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகியை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அவளுடைய கண்ணீரையும் சினத்தையும் மாணவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் வழக்கை வென்றது மற்றொரு சிலம்பு. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். தன் சிலம்பில் மாணிக்கப் பரல். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொருள் அவள் கையில் இருந்தது. அது இல்லாதிருந்தால் அவளும் அழுதபடி திரும்பியிருப்பாள்.

நோயாளியின் கையில் அந்த மற்றொரு சிலம்பு இருப்பதில்லை. அது கேஸ் ஷீட் என்ற பெயரில் மருத்துவமனையின் அலமாரியில் இருக்கிறது. எந்த மணிக்கு எவ்வளவு காய்ச்சல், செவிலியர் யாரிடம் தெரிவித்தார், மருத்துவர் எப்போது வந்து பார்த்தார், என்ன எழுதினார் என்பதெல்லாம் அதில்தான். நமக்குக் கிடைக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி அதன் சுருக்கமே. நாம் கேட்டுப் பெறலாம் என்பதைப் பலர் அறியார். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும். காரணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. வழக்குப் போடுவதாகச் சொல்ல வேண்டிய தேவையும் நமக்கில்லை. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினால் போதும்.

நான் கேட்டது 2017இல். சக பேராசிரியர் ஒருவரின் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துயரத்தின்போது அவருக்காக இந்தத் தீர்ப்புகளை எல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அக்காவின் ஐந்து நாள்கள் நினைவுக்கு வந்தன. அந்த மருத்துவமனைக்கு எழுதினேன். பழைய பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர்கள் மீது பிழை சொல்ல வழியில்லை, மூன்றாண்டுகள் கடந்திருந்தன. நுகர்வோர் சட்டத்தின்படி முறையிடுவதற்கான இரண்டாண்டுக் கெடுவும் கடந்திருந்தது.

எங்கே முறையிடுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ்ச் சேவையே என்று தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என்று இயங்கும் மருத்துவமனையில் இலவச நோயாளிக்கும் அவ்வுரிமை உண்டு. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாக இயங்குமிடங்கள் மட்டும் விலக்கு. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாடலாம். 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, 'சேவை' என்பதன் விளக்கத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லை என்று காட்டி விலக்குக் கோரினார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்போது நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நாம் செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்கு மேற்படாதாயின் முறையீட்டுக் கட்டணமும் இல்லை.

இழப்பீட்டுத் தொகை பற்றி ஒரு சொல். 1998இல் தோல் நோய்க்கு அளவு மீறித் தந்த ஸ்டீராய்டு மருந்தினால் நேர்ந்த சிக்கலில் இறந்த, அமெரிக்காவில் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணுக்காக 2013இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தொகை சுமார் 6 கோடி ரூபாய், வட்டி தனி. அவுரங்காபாத் தாய்க்கு 36,000. காலமாற்றத்தையும் பணமதிப்பையும் கழித்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. இறந்தவரின் வயது, வருமானம், சார்ந்திருப்போர், எதிர்காலச் செலவு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவதால் ஏழையின் உயிர் மலிவாகிறது. இது சட்டத்தின் குறை. என் அக்காவின் தையல் எந்திரம் ஓராண்டு நின்றதற்கு எந்த ரசீதும் கிடையாது.

மருத்துவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் மாணவர்களின் பிள்ளைகள், அண்டை வீட்டார் என்று நான் அறிந்த இளம் மருத்துவர்கள் பலர் அஞ்சுகிறார்கள். கைதாகும் அச்சம், அடிவிழும் அச்சம். 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜேக்கப் மேத்யூ வழக்கை அவர்கள் நன்கு அறிவார்கள். மூச்சுத் திணறிய ஒரு முதிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது. மற்றொன்று செயல்படுமுன் அவர் இறந்தார். உருளையை நிரப்பி வைக்காத மருத்துவமனை இழப்பீட்டுப் பொறுப்புக்கு உள்ளாகலாம். ஆனால் மருத்துவரைக் குற்றவாளியாக்க இயலாது என்றது நீதிமன்றம். குற்றவழக்குக்கு மிகக் கொடிய அளவிலான கவனக்குறைவு வேண்டும். வேறொரு தகுதிவாய்ந்த மருத்துவரின் கருத்தைப் பெறாமல் காவல்துறை விரைந்து செயல்படக் கூடாது என்றும் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கு ஐந்தாண்டு வரை தண்டனை விதித்தாலும், சிகிச்சையின்போது நேர்ந்ததாயின் பதிவுபெற்ற மருத்துவருக்கு அதை இரண்டாண்டாகக் குறைக்கிறது.

இது மருத்துவருக்குக் காட்டும் சலுகை என்று சிலர் சினக்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சிறைக்கு அஞ்சும் மனிதன் உண்மையைச் சொல்ல மாட்டான்; ஏட்டைத் திருத்துவான். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் வேண்டியது உண்மை. என்ன நடந்தது என்று ஒருவர் எதிரே அமர்ந்து சொல்வது. எங்களிடம் அன்று யாராவது, "அம்மா, கசிவு இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, தவறவிட்டுவிட்டோம்" என்று சொல்லியிருந்தால் அத்தானின் தம்பி கையை ஓங்கியிருக்க மாட்டார். பெரியம்மாவும் தலையெழுத்தைத் துணைக்கு அழைத்திருக்க மாட்டார். சொல்லாமல் விட்ட இடத்தைத்தான் விதியும் வெறியும் வந்து நிரப்புகின்றன.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடன் நிற்பவன். நான்காமவனை ஏவலாளன் என்றே வகுப்பில் சொல்லிவந்தேன். இப்போது வேறு விதமாகச் சொல்கிறேன். வலிக்கிறது என்று நோயாளி சொல்லும்போது அதை நம்புகிறவன், 'ஏன்' என்று கேட்கிறவன், தாளைப் படித்துக் காட்டுகிறவன், நேரத்தைக் குறித்து வைக்கிறவன் அவன். மருத்துவரின் கடமை பற்றி இவ்வளவு எழுதிய நான், அந்த நான்காமவனாக அன்று நின்றவன் நானே என்பதை மறைப்பதற்கில்லை.

இக்கட்டுரையை எழுதுவதற்கு முன் அக்காவிடம் கேட்டேன். "எழுதேண்டா தம்பி, எனக்கென்ன" என்றாள். சற்று நேரங்கழித்து, "அந்த மூணாம் நாள் ராத்திரி நான் சொன்னத யாராச்சும் எழுதி வச்சிருந்தாங்களான்னு மட்டும் தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றாள். பதினோராண்டுகளுக்கு மேலாகியும் அவள் கேட்பது பணத்தை அன்று. தான் சொன்னது யார் காதிலாவது விழுந்ததா என்பதைத்தான்.

அதற்கான விடை ஒரு தாளில் இருந்தது. மூன்றாண்டுகள் இருந்தது. இதைப் படிக்கும் நண்பர்களில் யாருக்கேனும் இன்று அப்படியொரு கேள்வி இருக்குமாயின், நாளைக் காலையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.